நோன்புக்கு 40 நாள், மகிழ்ச்சிக்கு 50 நாள்: பாஸ்கா காலத்தைக் குடும்பமாகக் கொண்டாட ஒரு வழிகாட்டி

திருநீற்றுப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டது முதல் பெரிய வெள்ளி வரைக்கும் பெரும்பாலான கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை, சிலுவைப் பாதை தவறுவதில்லை, வீட்டில் கொண்டாட்டங்களைத் தள்ளிப்போடுகிறோம். பிறகு உயிர்ப்பு ஞாயிறு வருகிறது. புத்தாடை, விருந்து, பிற்பகல் உறக்கம். திங்கட்கிழமை காலையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. திருச்சபையோ தவக்காலம் என்று நோன்புக்கு 40 நாள் கொடுத்த கையோடு, பாஸ்கா காலம் என்று உயிர்ப்பு ஞாயிறு முதல் தூய ஆவிப் பெருவிழா வரை மகிழ்ச்சிக்கு 50 நாள் கொடுத்திருக்கிறது. துக்கத்தை அத்தனை கவனமாக அனுசரிக்கும் நாம், அதைவிட நீளமான மகிழ்ச்சிக் காலத்தை ஒரே நாளில் முடித்துக்கொள்வது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் மனவருத்தம் தரும் விஷயம்.

புதிதாகத் திருமணமானவர்கள், அண்மையில் திருமுழுக்குப் பெற்றவர்கள், பல ஆண்டுகள் விலகியிருந்து பிள்ளைகள் வந்தபின் மீண்டும் ஆலயத்துக்கு வரத் தொடங்கியவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இந்தக் காலத்தை எப்படித் திட்டமிடுவது, பிள்ளைகளோடு பெரிய வாரத்தை எப்படிக் கடப்பது, அதன்பின் வரும் ஏழு வாரங்களில் எங்கே போவது, வீட்டில் அன்றாடம் என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நாள்காட்டி

கிறிஸ்துமஸைப் போல உயிர்ப்புப் பெருவிழாவுக்கு நிலையான தேதி கிடையாது. மார்ச் 21ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே உயிர்ப்பு ஞாயிறு. அந்த நிலவைத் திருச்சபை தன் அட்டவணைப்படி கணக்கிடுகிறது. அதனால் பெருவிழா மார்ச் 22க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. 2027இல் அது மார்ச் 28. 2028இல் ஏப்ரல் 16. மற்ற நாள்கள் எல்லாம் இந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு நகர்கின்றன.

2027ஐயே எடுத்துக்கொள்வோம். திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10. குருத்து ஞாயிறு மார்ச் 21. பெரிய வியாழன், வெள்ளி, சனி முறையே மார்ச் 25, 26, 27. ஆண்டவரின் விண்ணேற்றம் உயிர்ப்பு ஞாயிறிலிருந்து நாற்பதாம் நாளான மே 6, வியாழன். பல நாடுகளில் அதை அடுத்த ஞாயிறன்று கொண்டாடுகிறார்கள். தூய ஆவிப் பெருவிழா மே 16. திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள் வருகிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகள் நோன்பு நாள்கள் அல்ல. அவற்றைக் கழித்தால் நாற்பது.

இந்தத் தேதிகளை வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் குறிக்கும்போது ஒன்று செய்யுங்கள்: உயிர்ப்பு ஞாயிறுக்குப் பின்னால் வரும் பக்கங்களை முதலில் நிரப்புங்கள். பள்ளித் தேர்வு, அலுவலக வேலை, உறவினர் வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் பார்த்து, அந்த ஏழு வாரங்களில் நான்கு அரை நாள்களைக் குடும்ப உலாவுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். தவக்காலம் தானாகவே இடம் பிடித்துக்கொள்ளும். ஆலய அறிவிப்பு, நண்பர்கள், பழக்கம் எல்லாம் அதை நினைவூட்டும். பாஸ்கா காலத்தை நினைவூட்ட யாரும் இருக்கமாட்டார்கள்.

தவக்காலத்தில் அளவோடு

ஒருசந்தியும் சுத்தபோசனமும் யாருக்குக் கடமை என்பதில் புதியவர்கள் குழம்புகிறார்கள். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாள்கள்: ஒரு முழு உணவு, மற்ற இரு வேளை சிறிதளவு. 18 வயது நிறைந்தவர்களில் தொடங்கி 59 வயது நிறையும்வரை இது கடமை. சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, 14 வயது நிறைந்தவர்களுக்குக் கடமை. கர்ப்பிணிகளும் நோயாளிகளும் தங்கள் உடல்நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். மருந்து சாப்பிடுபவர் வெறும் வயிற்றோடு இருப்பது பக்தி ஆகாது. சிறு பிள்ளைகளைப் பட்டினி போடும்படி திருச்சபை எங்கும் கேட்கவில்லை.

குடும்பத்துக்குப் பொதுவாக ஒரே ஒரு ஒறுத்தலைத் தேர்ந்தெடுங்கள். இரவு உணவின்போது கைப்பேசிகள் வேறு அறையில் இருக்கும் என்பது போன்ற ஒன்று போதும். ஆளுக்கு ஐந்து தீர்மானங்கள் எழுதி ஒட்டும் வீடுகளில் இரண்டாம் வாரத்துக்குள் தாள் மட்டுமே மிஞ்சுகிறது. ஒறுத்தலால் மிச்சமாகும் பணத்தை ஓர் உண்டியலில் போட்டு, அதை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதையில் 14 நிலைகள். நான்கு வயதுக் குழந்தை பதினான்கிலும் முழந்தாளிட்டு எழுவதை எதிர்பார்க்காதீர்கள். ஆலயச் சுவரில் உள்ள படங்களில் ஒன்றை அந்த வாரத்துக்கென்று குழந்தையிடம் ஒப்படைத்துவிடுங்கள். “இன்று வெரோணிக்காவின் நிலை உன்னுடையது, அது வரும்போது எனக்குச் சொல்” என்றால் குழந்தை அந்த நிலை வரும்வரை கவனமாகக் காத்திருக்கும்.

நான்காம் ஞாயிறன்று குருவானவர் ரோசா நிற உடையில் வந்தால் வியக்க வேண்டாம். தவக்காலத்தின் நடுவே மகிழ்ச்சி எட்டிப்பார்க்கும் ஞாயிறு அது. அன்று மாலை ஒரு சிறிய நடை போய்வரலாம்.

பெரிய வாரம் பிள்ளைகளோடு

குருத்து ஞாயிறன்று கொண்டுவரும் குருத்தோலையை வீட்டுச் சிலுவைக்குப் பின்னால் செருகி வையுங்கள். பச்சை போய் மஞ்சளாகி, ஓரங்கள் சுருண்டு, தொட்டால் நொறுங்கும் நிலைக்கு அது வரும்வரை பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அடுத்த தவக்காலத்துக்கு முன் அதை ஆலயத்தில் ஒப்படைத்தால் எரித்துச் சாம்பலாக்கி, அதையே திருநீற்றுப் புதனுக்குப் பயன்படுத்துவார்கள். தங்கள் வீட்டு ஓலையும் அந்தச் சாம்பலில் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொள்ளாது.

பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்குப் போகும் வழியில் இரண்டு விஷயங்களைப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். ஒன்று, திருப்பலியில் பாடும் புகழ்ப்பாடலான வானவர் கீதத்தின்போது மணிகள் ஒலிக்கும். அதன்பின் பெரிய சனி இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு வரை ஒலிக்கமாட்டா. இரண்டு, வழிபாட்டின் முடிவில் பீடத்தின் துணிகள் அகற்றப்பட்டு அது வெறுமையாகும். முன்கூட்டித் தெரிந்தால் அவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். வீடு திரும்பியதும் பாதம் கழுவுதலை நீங்களும் செய்யலாம். ஓர் அகலமான பாத்திரம், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துண்டு. மூத்தவர் இளையவருக்குக் கழுவுவதில் தொடங்குங்கள். பேரன் பாட்டியின் பாதத்தைக் கையில் ஏந்தி, வெடித்த குதிகாலைக் கண்டு “வலிக்கிறதா?” என்று கேட்கும் நொடியில் அன்றைய நற்செய்தி அவனுக்குப் புரிந்துவிடும். அதற்குமேல் விளக்கம் சொல்லாதீர்கள்.

பெரிய வெள்ளியன்று உலகில் எங்கும் திருப்பலி இல்லை. வழிபாடு பொதுவாகப் பிற்பகல் மூன்று மணியளவில் தொடங்கும். குருவானவர் மௌனமாக வந்து தரையில் முகம் குப்புற விழுந்து வணங்குவதே தொடக்கம். பிறகு யோவான் எழுதிய பாடுகளின் வரலாறு, பத்துப் பொது மன்றாட்டுகள், சிலுவை ஆராதனை, நற்கருணை. பாடுகளின் வாசகம் நீளமானது. பேச்சு வராத குழந்தையை வைத்திருப்பவர்கள் கதவருகே உட்கார்ந்து, தேவைப்படும்போது வெளியே போய்வருவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பெரிய சனி இரவுதான் ஆண்டின் உச்சம். பிள்ளைகள் சிறியவர்கள் என்பதற்காகப் பாஸ்கா திருவிழிப்பைத் தவிர்த்துவிட்டு ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் போகும் குடும்பங்கள் அதிகம். அதில் தவறில்லை. ஆனாலும் ஒருமுறையாவது முயன்று பாருங்கள் என்று மன்றாடிக் கேட்பேன். பிள்ளைகள் விரும்பும் எல்லாமே அந்த வழிபாட்டில் இருக்கிறது: இருட்டு, வெளியே மூட்டிய நெருப்பு, அதிலிருந்து ஏற்றப்படும் பெரிய பாஸ்கா மெழுகுதிரி, அதில் பதிக்கும் ஐந்து சாம்பிராணி மணிகள், அந்த ஆண்டின் எண், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் பரவும் தீபம், தண்ணீர், மணியோசை.

அதற்கான ஆயத்தங்கள்: சனி பிற்பகல் பிள்ளைகளைக் கட்டாயம் தூங்கவையுங்கள். இரவு உணவை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். நற்கருணை வாங்குபவர்களுக்கு ஒரு மணி நேர நோன்பு போதும். இருட்டிய பிறகே வழிபாடு தொடங்க வேண்டும் என்பது விதி. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. குறைத்தாலும் மூன்றுக்குக் குறையாது, செங்கடலைக் கடந்த வரலாற்றை எக்காரணம் கொண்டும் விடமாட்டார்கள். அதனால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும் என்று எதிர்பாருங்கள். குழந்தை கையில் கொடுக்கும் மெழுகுதிரிக்கு அகலமான காகிதத் தட்டு ஒன்றைக் கோத்துவிடுங்கள். உருகிய மெழுகு விரலில் விழுந்தால் அழுகை அடங்க நேரமாகும். நீளமான தலைமுடியை முடிந்துவிடுங்கள். ஒரு போர்வை எடுத்துப்போங்கள். மூன்றாம் வாசகத்தின்போது குழந்தை தூங்கிவிட்டால் தூங்கட்டும். வானவர் கீதத்துக்கு விளக்குகள் எல்லாம் எரிந்து மணிகள் ஒலிக்கும்போது தோளைத் தொட்டு எழுப்புங்கள். கிளம்பும் முன் ஒரு சிறிய குப்பியில் அன்று மந்திரித்த தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது பின்னால் தேவைப்படும்.

ஐம்பது நாள் உலா

நற்செய்தியாளர்கள் உயிர்ப்புக்குப் பின் நடந்ததாகச் சொல்லும் நிகழ்ச்சிகள் எங்கே நடக்கின்றன என்று பாருங்கள். ஒரு தோட்டத்தில், ஊருக்குப் போகும் சாலையில், ஏரிக்கரையில், மலைமேல். கதவடைத்த வீட்டுக்குள்ளும் ஒன்றிரண்டு. உயிர்த்த ஆண்டவர் மக்களைச் சந்தித்த இடங்களில் பல, ஒரு குடும்பம் விடுமுறை நாளில் போய்வரக்கூடிய இடங்கள். பாஸ்கா காலத்தில் எங்கே போகலாம் என்ற கேள்விக்கு எனக்கு இதைவிட நல்ல பதில் தெரியாது.

சாலையில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் எளிது; உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமையே செய்துவிடலாம். லூக்கா நற்செய்தி 24ஆம் அதிகாரத்தில் சீடர் இருவர் எருசலேமிலிருந்து எம்மாவுக்கு நடக்கிறார்கள். தொலைவு ஏறக்குறைய 11 கிலோமீட்டர். சிறு பிள்ளைகள் அவ்வளவு நடக்கமாட்டார்கள், நடக்கவும் வேண்டாம். ஆறு வயதுக்குக் கீழ் என்றால் ஒரு கிலோமீட்டர், பத்து வயதுப் பிள்ளைக்கு நான்கைந்து. போக்குவரத்து குறைந்த, நிழல் உள்ள, நடுவில் உட்கார இடம் இருக்கும் பாதையாகத் தேர்ந்தெடுங்கள். தள்ளுவண்டி போகுமா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் இடத்தில் நின்று 13 முதல் 24 வரையுள்ள வசனங்களை ஒருவர் வாசிக்கட்டும். அங்கே நிறுத்திவிடுங்கள். கதை பாதியில் நிற்பதே நல்லது. பிறகு இரண்டிரண்டு பேராக நடங்கள்: ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும். கணவனும் மனைவியும் சேர்ந்து நடந்தால் பேச்சு வீட்டுச் செலவுக்குப் போய்விடும். அந்தச் சீடர்கள் மனம் உடைந்து நடந்தவர்கள். நடந்ததை எல்லாம் பேசிக்கொண்டே போனவர்கள். அதனால் முதல் பாதித் தூரத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இந்த ஆண்டு நீ எதிர்பார்த்து நடக்காமல் போனது எது?” பிள்ளைகள் வாய் திறக்கச் சற்று நேரமாகும். முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவதால், மேசையில் உட்காரவைத்துக் கேட்டால் வராத பதில் நடையில் வரும். அறிவுரை சொல்லாமல் கேளுங்கள்.

உட்காரும் இடம் வந்ததும் மீதி வசனங்களை, 35 வரை வாசியுங்கள். எடுத்துவந்த உணவைப் பெரியவர் ஒருவர் கையால் பிட்டு எல்லோருக்கும் கொடுக்கட்டும். அப்பத்தைப் பிட்டபோதுதான் சீடர்களின் கண்கள் திறந்தன என்பதை வாசித்த உடனே இது நடப்பதால், தனியாக விளக்கம் தேவைப்படாது. திரும்பும் வழியில் இணைகளை மாற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் அந்த இரவே எருசலேமுக்குத் திரும்பி ஓடினார்கள் அல்லவா, பிள்ளைகளும் ஓடட்டும்.

தோட்டத்துக்கு அதிகாலையில் போங்கள். மகதலா மரியா இருட்டு விலகும் முன்பே கல்லறைக்குப் போனவர். இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், தன் பெயரைச் சொல்லி அழைத்த குரலில்தான் அவரை அடையாளம் கண்டார். யோவான் 20ஆம் அதிகாரத்தின் அந்தப் பகுதியை வாசித்தபின், ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர்கள் மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கலாம். அழைத்தது யார் என்று சொல்ல வேண்டும். தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் குரல்கள் எத்தனை என்று பிள்ளைக்கு அப்போது தெரிகிறது.

ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ கடற்கரையோ எது அருகில் இருக்கிறதோ அங்கே காலை உணவுக்குப் போகலாம். யோவான் 21ஆம் அதிகாரத்தில் ஏழு சீடர்கள் இரவு முழுவதும் வலைவீசி ஒன்றும் கிடைக்காமல் கரைக்கு வருகிறார்கள். பிறகு வலையில் 153 பெரிய மீன்கள். ஆண்டவர் கரையில் தீ மூட்டிச் சாப்பாடு தயாராக வைத்திருக்கிறார். உயிர்த்தவர் செய்த வேலை காலை உணவு சமைத்தது என்பதை வீட்டில் தினமும் சமைப்பவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அன்று அவருக்கு ஓய்வு கொடுத்து மற்றவர்கள் உணவைத் தயாரிக்கட்டும். தண்ணீருக்கு அருகில் இருக்கும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவருக்குப் பிள்ளைகளைக் கவனிப்பது மட்டுமே வேலை. புகைப்படம் எடுப்பதும் வாசிப்பதும் வேறொருவர் பொறுப்பு. பலர் இருக்கும்போது எல்லோரும் பார்த்துக்கொள்வதாக நினைத்து யாரும் பார்க்காமல் போவதுதான் ஆபத்து.

மலையை விண்ணேற்ற வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குன்றோ மேடோ மொட்டைமாடியோ போதும்.

முழங்கால் வலிக்கும் தாத்தாவையும் தூரம் வரமுடியாத உறவினரையும் விட்டுவிட்டு எல்லா உலாவும் நடக்கக்கூடாது. அதற்குத்தான் கதவடைத்த வீடு. உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறன்று ஒவ்வோர் ஆண்டும் வாசிக்கும் நற்செய்தி தோமாவுடையது: சீடர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், ஆண்டவர் அங்கேயே வருகிறார். 2000ஆம் ஆண்டு முதல் அந்த நாளை இறை இரக்க ஞாயிறு என்றும் கொண்டாடுகிறோம். அன்று வெளியே போகாமல், வெளியே வரமுடியாதவரின் வீட்டுக்குக் குடும்பமாகப் போங்கள். அவர் கேட்கும் பாடலைப் பிள்ளைகள் பாடட்டும். குடும்பத்தில் யாரோடாவது பேச்சு நின்றுபோயிருந்தால் அந்த வாரத்தில் முதல் அடியை நீங்கள் எடுத்துவையுங்கள்.

வீட்டில் ஒருவர் வேறு சமயத்தவராகவோ நம்பிக்கையில் ஈடுபாடு இல்லாதவராகவோ இருக்கலாம். உலாக்களுக்கு அவரை அன்போடு கூப்பிடுங்கள். வாசகத்தின்போது அவர் தள்ளி நின்றால் கண்டுகொள்ளாதீர்கள். நடையும் உணவும் பேச்சும் எல்லோருக்கும் பொது.

அன்றாட நொடிகள்

ஐம்பது நாளில் உலா நான்கு என்றால் மீதி நாற்பத்தாறு நாள் வீட்டில்தான் கழியும். அந்த நாள்களுக்கு மூன்று சிறிய பழக்கங்கள் போதும்.

சாப்பாட்டு மேசையில் ஒரு மெழுகுதிரி. உயிர்ப்பு ஞாயிறு முதல் தூய ஆவிப் பெருவிழா வரை இரவு உணவின்போது ஏற்றுங்கள். ஏற்றும் உரிமையைப் பிள்ளைகளுக்கு முறைவைத்துக் கொடுங்கள். ஏற்றும்போது எல்லோரும் அல்லேலூயா சொல்லட்டும். தவக்காலம் முழுவதும் திருப்பலியில் அந்தச் சொல்லே வராது என்பதால், இப்போது அதைத் தாராளமாகச் சொல்வதில் பிள்ளைகளுக்குத் தனி உற்சாகம் உண்டு.

திருவிழிப்பிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை வாசலருகே வையுங்கள். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையின் நெற்றியில் விரலை நனைத்துச் சிலுவை அடையாளம் போட ஐந்து நொடி ஆகும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கத்திக்கொண்டிருக்கும் காலையிலும் அதைச் செய்யலாம். சில வாரங்களில் பிள்ளையே வாசலில் நின்று நெற்றியைக் காட்டும்.

மூன்றாவது, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் சொல்லும் மூவேளைச் செபம். பாஸ்கா காலத்தில் வழக்கமான செபத்துக்குப் பதிலாக விண்ணக அரசியான அன்னை மரியாவை மகிழும்படி அழைக்கும் செபத்தைச் சொல்வது வழக்கம். அது மிகவும் குறுகியது. பயண வழியிலும் சொல்லிவிடலாம்.

இதோடு, வீட்டில் ஒவ்வொருவரும் திருமுழுக்குப் பெற்ற தேதியைத் தேடி எடுங்கள். சான்றிதழ் காணாமல் போயிருந்தால் திருமுழுக்கு நடந்த பங்கின் பதிவேட்டில் இருக்கும், பங்குப் பணியகத்தில் கேட்டுப் பெறலாம். அந்தத் தேதிகளையும் நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

ஒரு வாரம் காய்ச்சலில் போய்விடும், ஒரு ஞாயிறு உறவினர் திருமணத்தில் போய்விடும். மலை ஏற முடியாமல் போனால் அடுத்த வாரம் ஏறுங்கள். தூய ஆவிப் பெருவிழா அன்று குருவானவர் சிவப்பு உடையில் வருவார். பிள்ளைகளுக்குச் சிவப்பில் ஏதாவது உடுத்திவிடுங்கள். அன்றைய வழிபாடுகள் முடிந்தபின் பாஸ்கா மெழுகுதிரியைப் பீடத்தருகிலிருந்து எடுத்துத் திருமுழுக்குத் தொட்டியருகே வைத்துவிடுவார்கள். அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குச் சற்று முன்னதாகவே போய், அதை அங்கே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவ்வாண்டு திருமுழுக்குப் பெறும் ஒவ்வொரு குழந்தையின் திரியையும் அந்தச் சுடரிலிருந்துதான் ஏற்றுவார்கள் என்பதையும் சொல்லுங்கள்.